பைண்டிங் கழன்றது நல்லதுக்குத்தான்

வணக்கம்.

2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கின் ஆண்கள் ஸ்கீ ஹாஃப்பைப் (பாதிக் குழாய் மாதிரியான பனிப் பள்ளத்தின் இரு சுவரிலும் மாறி மாறிச் சறுக்கி ஏறி, மேலே பறந்து வித்தை காட்டுவது) இறுதிப் போட்டியை மகனோடு யூடியூபில் பார்த்தேன். அமெரிக்காவின் டேவிட் வைஸுக்கு முதல் இரண்டு ஓட்டத்திலும் ஸ்கீ பலகை காலைவிட்டுக் கழன்றுவிடுகிறது. கருவிக் கோளாறுதானே, மறு ஓட்டம் தர வேண்டாமா? மூன்று ஓட்டத்தையும் ஒழுங்காக முடித்த அலெக்ஸ் ஃபெரைராவுக்கு வெள்ளி, இரண்டில் விழுந்தவருக்குத் தங்கம் என்பது என்ன நியாயம்? பனியே விழாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் பேசலாமா என்றும் தோன்றியது. ஸ்கேட்டிங் பழகும் என் மகன் போன மாதம் விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறான். “பார்த்தாயா, ஜெயிக்க வேண்டுமென்றால் உடம்பை மறந்துவிட வேண்டும்” என்று அவனிடம் சொன்னேன்.

ரா.

அன்புள்ள ரா.,

அந்தக் கடைசி வரியை மட்டும் நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். பல நாளாக மனதில் உருட்டிக்கொண்டிருந்த ஒன்றை அது தொட்டுவிட்டது. அதனால் கொஞ்சம் கோபமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனி இல்லாத ஊர் என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. கண் இருக்கிறது, பார்க்கிறோம். நியாயம் பற்றிய கேள்விக்கும் பதில் சின்னதுதான். மூன்று ஓட்டத்தில் எது சிறந்ததோ அதுதான் கணக்கு. இது எல்லோருக்கும் முன்பே தெரிந்த விதி. ஃபெரைரா ஒவ்வொரு முறையும் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டே போய் 96.40-இல் நின்றார். வைஸின் மூன்றாவது ஓட்டம் 97.20. நான்கு திசையிலும் இரட்டை கார்க்: இடப்பக்கம், வலப்பக்கம், பிறகு பின்னோக்கிச் சறுக்கி ஏறி அதே இரண்டு பக்கமும். தலைகீழாக இரண்டு முறை போய்க்கொண்டே சுழலும் இந்த இரட்டை கார்க்கை ஒரு பக்கம் பழகவே வருடங்கள் ஆகும். ஃபெரைராவுக்காக எனக்கும் மனம் கனத்தது. ஆனால் அவரிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கருவிக் கோளாறு என்கிறீர்களே, அந்தக் கருவி எதற்கு இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? பைண்டிங் என்பது ஸ்கீ பலகைமேல் பூட்ஸின் முனையையும் குதிகாலையும் கவ்விப் பிடிக்கும் ஸ்பிரிங் பூட்டு. பிடித்துக்கொள்வது அதன் பாதி வேலை. விட்டுவிடுவது மீதிப் பாதி. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், எவ்வளவு வேகமாகச் சறுக்குபவர் என்பதையெல்லாம் பார்த்து ஒரு எண் வைப்பார்கள். அந்த அளவைத் தாண்டி முறுக்கு வந்தால் பூட்டு திறந்துகொள்ளும். திறக்காவிட்டால் அந்த நீளப் பலகை காலையும் சேர்த்து முறுக்கும். இப்படிக் கழலும் பூட்டு வந்த பிறகு சறுக்குபவர்களின் கால் எலும்பு முறிவது வெகுவாகக் குறைந்தது. முழங்கால் ஜவ்வைத்தான் அதனால் இன்னும் முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டுக் குக்கரில் ஒரே வாரத்தில் இரண்டு முறை சேஃப்டி வால்வ் போனது. இரண்டாம் முறை பருப்பு கூரைவரை தெறித்து, மஞ்சள் கறை வருடக்கணக்கில் அங்கேயே இருந்தது. அம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும். ரிப்பேர்காரரிடம் தூக்கிக்கொண்டு போய், “இந்த ஓட்டையை நிரந்தரமா அடைச்சுக் குடுங்க” என்றாள். அவர் பேசவில்லை. மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வெயிட் உட்காரும் குழாய்க்குள் ஒரு ஈர்க்குச்சியை விட்டுத் துழாவினார். காய்ந்துபோன பருப்புத் தோல் ஒன்று வெளியே வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து அம்மாவிடம் நீட்டி, “ஆவி போற வழி இதுதான். இது அடைச்சதாலதான் அது போச்சும்மா. அது போனதாலதான் நீங்க என் முன்னாடி நிக்கிறீங்க” என்றார். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வீடு திரும்பும் வழியெல்லாம் என் கையை விடவே இல்லை. வைஸின் ஸ்கீ கழன்றபோது எனக்கு அந்த ஈர்க்குச்சிதான் கண்முன் வந்தது.

மூன்றாவது ஓட்டத்துக்கு முன் வைஸின் பைண்டிங்கை நன்றாக இறுக்கினார்கள். இதை நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். ஆமாம், இறுக்கினார்கள். அதாவது, இந்த முறை விழுந்தால் பலகை கழலாமல் போகலாம், அடி முழங்காலுக்குத்தான் என்று தெரிந்தே இறுக்கினார்கள். அப்போது அவருக்கு 27 வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், கையில் ஏற்கனவே 2014 சோச்சி ஒலிம்பிக்கில் வாங்கிய தங்கம். இதற்குப் பெயர் உடம்பை மறப்பதா? உடம்பை அணு அணுவாக அறிந்த ஒருவர், இந்த ஒரே ஒரு ஓட்டத்துக்கு இவ்வளவு வைக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்தது அது. டிராம்போலினிலும் காற்றுப் பையிலும் எத்தனையோ முறை விழுந்து பார்த்த பிறகுதான் இவர்கள் 22 அடிச் சுவருக்கே ஒரு வித்தையைக் கொண்டுவருகிறார்கள். சுவரின் விளிம்புக்கு மேலே இன்னும் பத்துப் பதினைந்து அடி பறப்பவனுக்கு உடம்பை மறக்க ஒரு நொடிகூடக் கிடையாது. மறந்தவன் விளிம்பில்தான் வந்து விழுவான்.

அத்தனையும் கணக்குப் போட்டவர்களுக்குக்கூட எல்லாம் சரியாக நடப்பதில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. கனடாவின் சாரா பர்க்கை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். ஸ்கீ ஹாஃப்பைப்பை ஒலிம்பிக்கில் சேர்க்கச் சொல்லி ஓயாமல் போராடியவர். 2011 ஏப்ரலில் சேர்த்தார்கள். 2012 ஜனவரி 10 அன்று அமெரிக்காவின் பார்க் சிட்டியில் பயிற்சியின்போது விழுந்தார். தலைக்கவசம் போட்டிருந்தார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கிழிந்து, ஒன்பதாம் நாள் இறந்துபோனார். 29 வயது. சோச்சியில் 2014-இல் அந்தப் போட்டி முதன்முதலாக நடந்தபோது, கனடா பயிற்சியாளர் அவருடைய சாம்பலில் கொஞ்சத்தை அந்த ஹாஃப்பைப்பில் தூவினார். வைஸ் முதல் தங்கம் வென்றது அந்தப் பனியில்தான். அங்கே வெண்கலம் வென்ற பிரான்சின் கெவின் ரோலான் 2019-இல் ஒரு சாதனை முயற்சியில் விழுந்து கோமாவில் கிடந்தார். மீண்டு வந்து 2022 பெய்ஜிங்கில் தன் நாட்டுக் கொடியைப் பிடித்தார். இவர்களில் யாரிடமாவது போய் ‘உடம்பை மறந்துவிடு’ என்று உங்களால் சொல்ல முடியுமா?

பெரியவர்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லும் இந்த மாதிரி வீர வசனங்களை என்னால் தாங்க முடியவில்லை, ரா. மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் வலிக்கிறதா என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கெட்ட தகப்பன் என்று சொல்ல வரவில்லை. கெட்ட தகப்பன் மகனோடு உட்கார்ந்து ஒரு போட்டியை முழுதாகப் பார்க்க மாட்டான். பார்த்தது மட்டுமில்லாமல், கேள்வி உறுத்தி முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கடிதமும் எழுத மாட்டான். சொன்ன சொல்தான் தப்பு. அதை இன்றைக்கே திருத்திவிடலாம்.

கட்டுப் பிரித்த பிறகு மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் அவனை வகுப்புக்கு அனுப்பாதீர்கள். காப்பு சரியான அளவில் இருக்கிறதா என்று நீங்களே மாட்டிப் பாருங்கள். விரலில் ரத்தம் ஓட வேண்டும், கை ஆடவும் கூடாது.

மறு ஓட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தர வேண்டியதில்லை.

அந்த வீடியோவை இன்னொரு முறை போடுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் ஸ்கீ கழன்று வைஸ் விழுந்த பிறகு, அவர் எழுந்து நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இரண்டு முழங்காலையும் உங்கள் மகனுக்குக் காட்டுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.