லினக்ஸில் ஆர்ஜிபி விளக்குகள்: கேள்வி பதில்

ஓபன்ஆர்ஜிபி என்ற மென்பொருளை வைத்து மேசைக் கணினியின் வண்ண விளக்குகளை ஆள்வது பற்றி மட்டும் கேளுங்கள். லேப்டாப் கீபோர்டு இன்று வேண்டாம்.

கே: ஃபேன், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் வருது அண்ணே. ரேம் மட்டும் லிஸ்ட்லயே இல்ல. உபுண்டு, ஏஎம்டி ரைசன்.

ப: உங்கள் ஃபேன் கன்ட்ரோலர் யூஎஸ்பி வழியாகப் பேசுகிறது, ரேம், மதர்போர்டில் சிப்புகள் பேசிக்கொள்ளும் எஸ்எம்பஸ் வழியாக. அந்த வழி திறக்க ஐ2சி-டெவ், ஐ2சி-பிஐஐஎக்ஸ்4 என்ற இரண்டு கெர்னல் மாட்யூலும் (டிரைவர்கள்) ஏறியிருக்க வேண்டும். இன்டெல் போர்டில் இரண்டாவதற்குப் பதில் ஐ2சி-ஐ801. முதலில் மோட்ப்ரோப் கமாண்ட் கொடுத்துக் கையால் ஏற்றி, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ரேம் வந்துவிட்டால், ஈடிசிக்குள் மாட்யூல்ஸ்-லோட்.டி ஃபோல்டரில் ஒரு கான்ஃப் ஃபைல் போட்டு, வரிக்கு ஒரு பெயராக எழுதிவிடுங்கள். வரவில்லை என்றால் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜைப் பாருங்கள். ஏசிபிஐ முகவரி மோதல் என்று எச்சரிக்கை இருந்தால் மட்டும், பூட் லோடரான கிரப்பில் ஏசிபிஐ-என்ஃபோர்ஸ்-ரிசோர்சஸ் அளவுருவை லாக்ஸ் ஆக்கலாம். பயாஸும் கெர்னலும் ஒரே சிப்பில் கை வைக்காமல் இருக்கப் போட்ட பூட்டு அது. எடுத்த எடுப்பில் உடைக்காதீர்கள்.

கே: 3 பின் ஸ்ட்ரிப்பை 4 பின் ஹெடர்ல செருகலாமா?

ப: கூடாது. 3 பின் 5 வோல்ட், 4 பின் 12 வோல்ட். ஸ்ட்ரிப் எரிந்துவிடும்.

கே: எதுக்கு சார் இவ்வளவு சுத்து? ஐ2சி டிவைஸ் எல்லாத்துக்கும் எல்லாருக்கும் முழு அனுமதி தர்ற சிஎச்மோட் 777 அடிச்சா முடிஞ்சுது.

ப: அடிக்காதீர்கள். அதே எஸ்எம்பஸ்ஸில் ரேமின் விவரங்களை வைத்திருக்கும் எஸ்பிடி சிப்பும் ஹெக்ஸ் 50 முதல் 57 வரையிலான முகவரிகளில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஏதாவது தப்பாக எழுதப்பட்டால் கணினி பூட் ஆகாமலே போகலாம். போதாததற்கு, ரீபூட் செய்தால் உங்கள் 777-ம் போய்விடும்.

கே: 777-க்குப் பதிலா, டிவைஸுக்கு அனுமதி வைக்கிற யூடெவ் ரூல் போட்டாலும் அதே சிப்புக்கு எழுத முடியும்தானே?

ப: முடியும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ரூலில் போடும் யூஆக்செஸ் டேக், கணினி முன் லாகின் ஆகியிருப்பவருக்கு மட்டும் அனுமதி தருகிறது. 777 எல்லா யூசருக்கும் எல்லா சர்வீஸுக்கும் கதவைத் திறந்து போடுகிறது.

இன்னொருவர்: யூஆக்செஸ் ரூலை 99-னு ஆரம்பிக்கிற ஃபைல்ல போட்டேன், அசையல. 777தான் வேலை செஞ்சுது. அவர் சொல்றதுதான் நடைமுறை.

ப: 99 என்று பெயர் வைத்ததுதான் சிக்கலே. ரூல் ஃபைல்கள் பெயர் வரிசையில் ஓடுகின்றன. யூஆக்செஸ் டேக்கைப் பார்த்து அனுமதி தருவது 73-சீட்-லேட் என்ற ரூல் ஃபைல். நீங்கள் 99-ல் டேக் ஒட்டும்போது அது தன் வேலையை முடித்துவிட்டது. ஓபன்ஆர்ஜிபியின் சொந்த ரூல் 60-ல் தொடங்குவது சும்மா இல்லை. பெயரை மாற்றி, யூடெவ்அட்மில் ரூல்களை ரீலோட் செய்து ட்ரிகர் கொடுங்கள். 777 பற்றி இத்துடன் போதும்.

கே: ஓபன்ஆர்ஜிபியை ஃப்ளாட்பேக்ல போட்டேன், எதுவுமே தெரியல.

ப: யூடெவ் ரூல் அதோடு வராது. தனியாகப் போடுங்கள்.

கே: மூணு ஃபேன், ஒவ்வொண்ணுலயும் 8 எல்இடி. முதல் ஃபேன் மட்டும் எரியுது.

ப: ஹெடரில் எத்தனை எல்இடி என்று போர்டுக்குத் தெரியாது. ஓபன்ஆர்ஜிபியில் அந்த ஹெடருக்கான ஜோனை ரீசைஸ் செய்து நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஒன்றின் வாலில் ஒன்றாகக் கோத்திருந்தால் 24. ஸ்ப்ளிட்டரில் என்றால் 8 போதும், மூன்றும் ஒரே மாதிரி எரியும். ஸ்ட்ரிப் சேர்ப்பதாக இருந்தால் கணக்குப் போடுங்கள்: டபிள்யூஎஸ்2812பி எல்இடி ஒன்று முழு வெள்ளையில் சுமார் 60 மில்லிஆம்பியர் இழுக்கும். பல போர்டுகளில் ஹெடர் தாங்குவது 3 ஆம்பியர், அதாவது 50 எல்இடி. அதற்கு மேல் பவர் சப்ளையிலிருந்து தனி 5 வோல்ட் கொடுங்கள். 12 அல்ல.

கே: ரேம் காட்டல சார்.

ப: முதல் பதில்.

கே: சஸ்பெண்ட்ல இருந்து எழுந்தா பழைய ரெயின்போ வந்துடுது.

ப: தூக்கத்தில் கன்ட்ரோலர் தன் சொந்த நிலைக்குத் திரும்பிவிடுகிறது. சிஸ்டம்டியின் சிஸ்டம்-ஸ்லீப் ஃபோல்டரில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்து எக்சிக்யூட் அனுமதி கொடுங்கள். முதல் ஆர்க்யுமென்ட் போஸ்ட் என்று வரும்போது மட்டும் ஓபன்ஆர்ஜிபியை ஓட விடுங்கள். ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடுவதால் உங்கள் ஹோமில் சேமித்த ப்ரொஃபைல் அதன் கண்ணில் படாது. டிவைஸ், மோட், கலர் மூன்றையும் கமாண்டிலேயே எழுதிவிடுங்கள்.

கே: ரேம் தெரியல, ஆனா என்னோடது இன்டெல்.

ப: முதல் பதில், மூன்றாவது வாக்கியம்.