சூரியனோட கொரோனா பத்தி கேட்டீங்கல்ல, பதில் போட்டுட்டேன்

சூரியனச் சுத்தி இருக்குற வெளி வளிமண்டலம், அதாவது கொரோனா பத்தி புதுச்சேரி, கடலூர் பக்கத்துல இருந்து வந்த கேள்விங்க இது.

நெய்வேலி தம்பி: அக்கா, அடுப்ப விட்டு தள்ளிப் போனா சூடு குறையணும்ல, சூரியன்ல மட்டும் ஏன் மேல போகப்போக ஏறுது?

இந்த சப்ஜெக்ட்டோட உயிரே இந்தக் கேள்விதான்பா. கண்ணுக்குத் தெரியிற மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி, அதுக்கு மேல சில ஆயிரம் கிலோமீட்டர் தாண்டினா 10 லட்சம் டிகிரிக்கும் மேல. கீழ கொதிக்கிற பிளாஸ்மா, அதாவது சூட்டுல எலக்ட்ரான் பிரிஞ்சு போன வாயு, சூரியனோட காந்தக் கோடுகள போட்டு முறுக்கிக்கிட்டே இருக்கு, அந்த எனர்ஜிதான் மேல ஏறுது. அது எப்படி சூடா மாறுதுன்னுதான் சண்டையே, அலையா போய் அடங்குதுன்னு ஒரு கட்சி, கோடுங்க அறுந்து ஒட்டுறப்ப நடக்குற குட்டி குட்டி வெடிப்புதான், அதாவது விஞ்ஞானி யூஜின் பார்க்கர் 1988ல சொன்ன நானோஃப்ளேர்தான்னு இன்னொரு கட்சி. என்னைக் கேட்டா ரெண்டும் சேந்துதான் நடக்குது.

கடலூர் முதுநகர்: அத்தன டிகிரின்னு யாரு போய் அளந்தா மேடம்?

வெளிச்சத்த வெச்சே அளந்தாங்க சார். 1869 கிரகணத்தப்போ கொரோனா வெளிச்சத்த பிரிச்சுப் பாத்தா பச்சையில ஒரு கோடு, அலைநீளம் 5303 ஆங்ஸ்ட்ராம், தெரிஞ்ச எந்தத் தனிமத்தோடயும் ஒத்துப் போகல, சரி இது புதுசுன்னு கொரோனியம்னு பேரே வெச்சுட்டாங்க. கிட்டத்தட்ட 70 வருஷம் கழிச்சு ஸ்வீடன் விஞ்ஞானி எட்லென் கணக்குப் போட்டு சொன்னாரு, அது சாதா இரும்புதான், ஆனா இருக்குற 26 எலக்ட்ரான்ல 13 பறிபோன இரும்பு. பாதிய பிடுங்கணும்னா சுமார் 20 லட்சம் டிகிரி வேணும். இத படிக்கிறப்ப எல்லாம் எனக்கு புல்லரிக்கும். சூரியன பாக்க இஸ்ரோ அனுப்பின நம்ம ஆதித்யா எல்1 விண்கலத்துல இருக்குற வெல்க்ங்கிற கொரோனா பாக்குற கருவியும் இதே பச்சக் கோட்டத்தான் பாக்குது.

தேவனாம்பட்டினம்: சில்வர் பீச்ல டெலஸ்கோப் வெச்சு சூரிய வட்டத்த மட்டும் மறைச்சா கொரோனா தெரியுமா?

தெரியாது. கொரோனா மொத்தமும் சேந்து பௌர்ணமி நிலா அளவுதான் வெளிச்சம், சூரியன ஒட்டின வானம் அதவிட பல மடங்கு பளிச்னு இருக்கும், அதுலயும் நம்ம கடற்கரையில ஈரமும் உப்புத் தூசியும் வேற. அதனாலதான் சூரிய வட்டத்த மறைச்சு கொரோனாவ காட்டுற கொரோனாகிராஃப் கருவிய கண்டுபிடிச்ச பிரெஞ்சு விஞ்ஞானி லியோ, பிரான்ஸ்ல 2,800 மீட்டருக்கு மேல இருக்குற பிக் டு மிடி மலைக்குப் போனாரு. ஆதித்யா 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய் நிக்கிறதுக்கு காரணம், அங்க காத்தும் இல்ல, சூரியன பூமி மறைக்கறதும் இல்ல. வீட்டுல இருந்தே பாக்கணும்னா ஹீலியோவியூவர்னு தேடுங்க, நாசாவோட சூரியன பாக்குற எஸ்டிஓ செயற்கைக்கோள் எடுத்த படங்க ஃப்ரீ, அதுல 171ங்கிற அலைநீளத்துல எடுத்த படத்த எடுத்து வளைவு வளைவா நிக்கிற லூப்ப பாருங்க, நான் சொன்ன காந்தக் கோடு அதுதான்.

வில்லியனூர்: சூரியன் கிட்டயே போற நாசாவோட பார்க்கர் விண்கலம் அந்த சூட்டுல ஏன் உருகல?

டிகிரி அதிகம், ஆனா பொருள் ரொம்ப ரொம்ப கம்மி, அதனால வந்து மோதுற துகளும் கம்மி. அத சுடறது சூரிய வெளிச்சம்தான், அதுக்குத்தான் முன்னாடி நாலரை இன்ச் கார்பன் ஷீல்டு. 2024 டிசம்பர் 24 அன்னிக்கு சூரியன் மேற்பரப்புல இருந்து 61 லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் கிட்ட போச்சு.

லாஸ்பேட்டை: பையன் கிரகணத்துக்கு எக்ஸ்ரே ஃபிலிம் எடுத்து வெச்சிருக்கான், ஓகேவா?

தயவுசெஞ்சு வாங்கி தூக்கிப் போடுங்க. விழித்திரை சுடறப்ப வலியே தெரியாது, அதுதான் ஆபத்து. தரமான கிரகணக் கண்ணாடி போடட்டும். ஆனா அதுல கொரோனா தெரியாது, முழு கிரகணத்துல சூரியன் மொத்தமா மறைஞ்ச அந்த சில நிமிஷம் மட்டும்தான் வெறுங்கண்ணால பாக்கலாம். இந்தியாவுல அது 2034 மார்ச் 20, காஷ்மீர், லடாக் பக்கம். பையன கூட்டிட்டுப் போங்க.