இன்வெர்ட்டர்ல இருந்து மோட்டர் வரைக்கும் எவ்ளோ தூரம் கேபிள் இழுக்கலாம்? கேளுங்க, சொல்றேன்

மலேசியா பினாங்குல இன்வெர்ட்டர், பம்ப் வேலை பாக்கறேன். இன்வெர்ட்டர்னா இங்க வீட்டு யூபிஎஸ் இல்ல, கரண்ட்ட பல்ஸ் பல்ஸா வெட்டி குடுத்து மோட்டர் வேகத்த மாத்தற பொட்டி. போன வாரம் கேபிள் பத்தி நெறைய பேரு கேட்டீங்க, எல்லாத்துக்கும் இங்கயே பதில் போட்டுடறேன்.

பிறைல இருந்து: அண்ணே, 2.2 கிலோவாட் மோட்டர், பேனல்ல இருந்து 110 மீட்டர். ஸ்டார்ட் பண்ணா ஓவர்கரண்ட் ட்ரிப். மோட்டர கழட்டிட்டு கேபிள மட்டும் வெச்சு ஓட்டினாலும் ட்ரிப் ஆகுது. மெக்கர் (இன்சுலேஷன் பாக்கற மீட்டர்) நல்லாதான் காட்டுது.

மோட்டர் இல்லாமயே ட்ரிப் ஆகுதுன்னா அப்புறம் மோட்டர் மேல ஏன் தம்பி பழி போடறீங்க? நீளமான கேபிளே ஒரு கெப்பாசிட்டர் மாதிரிதான், ஒவ்வொரு பல்ஸுக்கும் அது சார்ஜ் ஆகணும், கேரியர், அதாவது செகண்டுக்கு எத்தன பல்ஸ்ங்கற செட்டிங், 10 கிலோஹெர்ட்ஸ்ல கெடக்குதுன்னா செகண்டுக்கு 10,000 தடவ அந்த கரண்ட்ட இன்வெர்ட்டர்தான் குடுக்கணும், சின்ன இன்வெர்ட்டருக்கு ரேட்டிங்கே கொஞ்சம், அதான் முதல்ல அது மண்டைய போடுது. 50 மீட்டர் வரை 15 கிலோஹெர்ட்ஸ், 100 வரை 5, அதுக்கு மேல 2, இப்படி போட்ட மேனுவல் இருக்கு, ஆனா பிராண்டுக்கு பிராண்டு மாறும், உங்களோடத தொறந்து பாருங்க. 2க்கு எறக்குங்க, அப்பவும் நிக்கலன்னா அவுட்புட்ல ரியாக்டர் (கரண்ட் சட்டுனு எகிறாம தடுக்கற காயில்) போடுங்க.

பட்டர்வொர்த்: அப்ப கேரியர 2க்கு எறக்கிட்டா வைண்டிங்கும் சேஃப்தானே பாஸ்?

இல்ல லா. இங்கதான் முக்காவாசி பேரு கோட்டை விடறாங்க. கேரியர் கொறஞ்சா அடி விழற எண்ணிக்கைதான் கொறையும், ஒவ்வொரு அடியோட உயரமும் அப்படியேதான் இருக்கும். 400 வோல்ட் சப்ளைக்கு இன்வெர்ட்டருக்குள்ள ஏசிய டிசியா மாத்தி வெக்கற டிசி பஸ் சுமார் 560 வோல்ட், அந்த பல்ஸ் மோட்டர் டெர்மினல்ல மோதி, நம்ம பினாங்கு கடலோர ரோடு கர்னி டிரைவ் சுவர்ல அலை எகிறுதுல்ல, அந்த மாதிரி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஏறும், 1,100 வோல்ட் தாண்டலாம். இப்ப வர இன்வெர்ட்டர்ல ஸ்விட்ச் வேலை பாக்கற ஐஜிபிடி 0.1 மைக்ரோசெகண்ட்லயே பல்ஸ ஏத்திடும், இப்படி ரெண்டு மடங்கு ஏற 100 மீட்டர்லாம் வேணாம், 10, 15 மீட்டர் கேபிளே போதும். அமெரிக்க மோட்டர் தரம் நீமா எம்ஜி 1 பார்ட் 31 படி செஞ்ச இன்வெர்ட்டர் டியூட்டி மோட்டர் ரேட்டட் வோல்ட்டேஜோட 3.1 மடங்கு பீக் தாங்கும், 400 வோல்ட் மோட்டர்னா சுமார் 1,240 வோல்ட். ரீவைண்ட் பண்ண பழைய மோட்டர்னா இன்வெர்ட்டர் பக்கத்துலயே டிவி டிடி ஃபில்டர் (பல்ஸ் ஏறற வேகத்த கொறைக்கறது) போடுங்க. ரொம்ப தூரம், போர்வெல் பம்ப்னா சைன் ஃபில்டர் (பல்ஸ வழவழன்னு சைன் அலையா மாத்தறது), ஆனா அதுக்கு மினிமம் கேரியர் உண்டு, அதுக்கு கீழ எறக்கினா ஃபில்டரே சூடேறி போயிடும்.

கேஎல் (கோலாலம்பூர்), காண்டோ பம்ப் ரூம்: 2 கிலோஹெர்ட்ஸ்ல மோட்டர் கீச்சுனு கத்துது, மேல் வீட்டுக்காரங்க கம்ப்ளெய்ண்ட். கேபிள் 6 மீட்டர்தான்.

6 மீட்டருக்கு தாராளமா ஏத்தலாம் அண்ணே. 8 வெச்சு கேட்டு பாருங்க. ஆனா கேரியர் ஏற ஏற இன்வெர்ட்டர் சூடாகும், ரேட்டட் கரண்ட் கொறைஞ்சிடும், காத்து போகாத பம்ப் ரூம்ல மத்தியானம் ஹீட் ட்ரிப் வந்தா ராத்திரி தண்ணி இல்லன்னு அதே வீட்டுக்காரங்கதான் கூப்பிடுவாங்க.

புக்கிட் மெர்தாஜாம்: ஒரே இன்வெர்ட்டர்ல நாலு ஃபேன், ஆளுக்கு 30 மீட்டர். கேபிள் நீளம் 30ன்னு எடுத்துக்கலாமா?

கூட்டுங்க, 120. ஒவ்வொரு மோட்டருக்கும் தனி ஓவர்லோட் ரிலே வேணும், கேபிள்ல கசியற லீக்கேஜ் கரண்ட்டால அதுவும் சும்மா சும்மா ட்ரிப் அடிக்கும், அப்பவும் கேரியர கொறைங்க.

கேஎல்: பழைய மோட்டர் பக்கத்துல பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர் இருக்கு, விட்டுடலாமா?

இன்வெர்ட்டர ஆன் பண்றதுக்கு முன்னாடி கழட்டிடுங்க.