ரத்தம் பட்ட இன்ஸ்ட்ரூமென்ட்ட ஹைப்போல ஊற வைக்கலாமா?

"சின்ன நர்சிங் ஹோம் தியேட்டர்ல புதுசா சேர்ந்திருக்கேன் மேடம், ஆபரேஷன் முடிஞ்சதும் எல்லா இன்ஸ்ட்ரூமென்ட்டையும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், ப்ளீச் கரைசல்) பக்கெட்ல போட்டு ராத்திரி முழுக்க ஊற விடுறாங்க, இது சரியா, போன வாரம் கழுவுற அக்காவுக்கு ஊசி வேற குத்திடுச்சு"னு ஒரு சிஸ்டர் கேட்டிருக்காங்க.

முதல்ல அந்த அக்காவ பாருங்க சிஸ்டர். குத்தின உடனே பிதுக்காம சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவி டாக்டர்கிட்ட சொல்லிருக்கணும், ஏன்னா ஹெச்ஐவி தடுப்பு மாத்திரை 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல போனா குடுக்க மாட்டாங்க. இப்ப அது போச்சு, ஆனா ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி டெஸ்ட் இன்னைக்கே எடுங்க, டாக்டர் சொல்ற தேதில மறுபடியும் எடுக்கணும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்காங்களானும் கேளுங்க.

அந்த ஊசி சிங்க் வரைக்கும் வந்திருக்கவே கூடாது. ட்ரே டேபிள விட்டு நகர்றதுக்கு முன்னாடி ஊசி, பிளேட எண்ணி ஊசி துளைக்காத வெள்ளை டப்பால போடுறது ஸ்க்ரப் நர்ஸ் (ஆபரேஷன்ல இன்ஸ்ட்ரூமென்ட் எடுத்து குடுக்கிறவங்க) வேலை, கழுவுற அக்கா வேலை இல்ல. பிளேட விரலால கழட்டாதீங்க, ஆர்டரி ஃபோர்செப்ஸால (இடுக்கி) கழட்டுங்க, ஊசிக்கு திரும்ப மூடி போடாதீங்க, டப்பா முக்கால்வாசி நிறைஞ்சதும் மூடிருங்க.

ஹைப்போவுல ராத்திரி முழுக்க வேண்டவே வேண்டாம். அது ஸ்டீல அரிச்சிடும், அரிச்ச குழிலயும் பூட்டுலயும் (ரெண்டு கையும் சேர்ற மூட்டு) ரத்தம் ஒட்டிக்கிட்டா ஆட்டோகிளேவ் (ஆவில கிருமி கொல்ற மெஷின்) ஆவி அங்க போய் சேராது. நான் சேர்ந்த புதுசுல எங்க தியேட்டர்லயும் இதே பக்கெட்தான், ஸ்டெரைல்னு பிரிச்ச பேக்ல ஃபோர்செப்ஸ் பூட்டுக்குள்ள காஞ்ச ரத்தத்த பாத்தப்ப மனசு பதறிடுச்சு. ஆபரேஷன் முடிஞ்ச கையோட பூட்ட திறந்து வச்சு ஈரத்துணி போட்டு மூடுங்க, சலைன் வேண்டாம், உப்பும் அரிக்கும், சுடுதண்ணியும் வேண்டாம், ரத்தம் உறைஞ்சு ஒட்டிக்கும். அப்புறம் ரத்தக்கறைய கரைக்கிற என்சைம் கரைசல்ல பாட்டில்ல போட்டிருக்க நேரம் ஊற வச்சு, தண்ணிக்குள்ளயே பிரஷ் போட்டு தேய்ச்சா மூஞ்சில தெறிக்காது, நல்லா அலசி, காய வச்சு, பேக் பண்ணி ஆட்டோகிளேவ், சாதா மெஷின்னா 121 டிகிரில 30 நிமிஷம்.

குப்பைக்கு 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ரத்தம் ஊறின காஸ் துணி, வெட்டி எடுத்த சதை எல்லாம் மஞ்சள் பை, கிளவுஸ், டியூப் சிவப்பு, கண்ணாடி நீலம், 48 மணி நேரத்துக்கு மேல வச்சிருக்க கூடாது.

அந்த அக்காவுக்கு தடி ரப்பர் கிளவுஸ், கண்ணுக்கு போடுற கண்ணாடி, ஏப்ரன் இந்த வாரமே வாங்கி தர சொல்லுங்க, ஆபரேஷன் கிளவுஸ மாட்டிக்கிட்டு கழுவ விடாதீங்க.