வெளிநாட்டு வங்கிக் கடன் குறைந்தால் ஆபத்தா? எந்த எண்ணைப் பார்ப்பது?

கேள்வி: நாங்கள் ஒரு நாட்டுக்கு 90 நாள் தவணையில் சரக்கு அனுப்புகிறோம். அந்த நாட்டுக்கு வெளிநாட்டு வங்கிகள் கொடுத்திருக்கும் கடன் ஒரே காலாண்டில் 10 சதவீதம் குறைந்திருப்பதை பி.ஐ.எஸ். அட்டவணையில் பார்த்தேன். வங்கிகள் பின்வாங்குகின்றன என்று எடுத்துக்கொண்டு தவணையை நிறுத்திவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நீங்கள் பார்த்தது நிலுவைத் தொகையா (காலாண்டு முடிவில் பாக்கி இருக்கும் மொத்தக் கடன்), மாறுதல் தொகையா (அந்தக் காலாண்டில் கடன் உண்மையில் கூடியது அல்லது குறைந்தது) என்பதை முதலில் கவனியுங்கள். பாசெல் நகரில் உள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கி, அதாவது பி.ஐ.எஸ்., எல்லா நாணயக் கடன்களையும் டாலருக்கு மாற்றித்தான் வெளியிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நாடு 100 கோடி யூரோ கடன் வாங்கியிருக்கிறது. 2014 டிசம்பர் இறுதியில் ஒரு யூரோ சுமார் 1.21 டாலர், எனவே அட்டவணையில் 121 கோடி டாலர் என்று வரும். 2015 மார்ச் இறுதியில் யூரோ சுமார் 1.08 டாலருக்கு இறங்கிவிட்டது. அதே கடன் இப்போது 108 கோடி டாலர். யாரும் ஒரு காசு திருப்பிக் கட்டவில்லை, எந்த வங்கியும் பணத்தை எடுக்கவில்லை, ஆனால் நிலுவை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது! நீங்கள் பார்த்த சரிவும் இந்த வகையாக இருக்கலாம். அதனால் நாணய மதிப்பு மாற்றத்தைக் கழித்துத் தரும் மாறுதல் தொகையையே பாருங்கள். அதையும் பி.ஐ.எஸ். தனியாகக் கொடுக்கிறது.

அப்புறம், பி.ஐ.எஸ். இரண்டு தொகுப்புகளை வெளியிடுகிறது. ஒன்று, கடன் கொடுத்த வங்கி அலுவலகம் எந்த நாட்டில் இருக்கிறது என்பதைப் பார்ப்பது. மற்றொன்று, அந்த வங்கியின் தலைமையகம் எந்த நாடு என்பதைப் பார்ப்பது. ஜப்பானிய வங்கியின் லண்டன் கிளை கொடுத்த கடன் முதலாவதில் பிரிட்டன் கணக்கிலும், இரண்டாவதில் ஜப்பான் கணக்கிலும் வரும். பணம் எந்த வழியாக வருகிறது என்று அறிய முதலாவது, அடி விழுந்தால் யார் தலையில் விழும் என்று அறிய இரண்டாவது. இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

மாறுதல் தொகையும் குறைந்திருக்கிறதா? சரி, அப்படியானால் கடன் வாங்கியவர் யார் என்று பாருங்கள். அந்த நாட்டின் வங்கிகள் வாங்கிய கடன் குறைவதற்கும் தொழில் நிறுவனங்கள் வாங்கியது குறைவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. வங்கிக்கு வங்கி கொடுக்கும் கடன் பெரும்பாலும் குறுகிய காலம். பயம் வந்ததும் முதலில் புதுப்பிக்கப்படாமல் போவது அதுதான்.

ஒரு வருடத்துக்குள் கட்டவேண்டிய பகுதி இரண்டாவது தொகுப்பில் கிடைக்கும். ஐந்து வருடக் கடனாக இருந்தாலும், கடைசித் தவணை இந்த வருடம் என்றால் அதுவும் இதில் சேரும். இதை அந்நியச் செலாவணி கையிருப்போடு வைத்துப் பாருங்கள். என் பார்வையில் மொத்தக் கடனைவிட இந்த விகிதம்தான் அதிகம் பேசும். 1997 நடுவில் தாய்லாந்து, இந்தோனேசியா, தென்கொரியா மூன்றிலும் வெளிநாட்டு வங்கிகளுக்குக் கட்டவேண்டிய குறுகிய காலக் கடன் கையிருப்பைவிட அதிகம். தென்கொரியாவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த ஜூலை 2-ஆம் தேதி தாய்லாந்தின் நாணயமான பாட் சரிந்தது. அதற்கு முந்தைய சில வருடங்களில் அந்தக் கடன் வேகமாக ஏறிக்கொண்டே வந்ததுதான் உண்மையான எச்சரிக்கை. இறக்கம் வந்தபோது காரியம் கைமீறியிருந்தது.

இந்தப் புள்ளிவிவரம் காலாண்டு முடிந்து சுமார் நான்கு மாதம் கழித்தே வருகிறது. ஆகவே நீங்கள் இன்று பார்க்கும் சரிவு பழைய செய்தி. இடைப்பட்ட காலத்துக்கு, அந்த நாட்டு மத்திய வங்கி மாதந்தோறும் கையிருப்புக் கணக்கு வெளியிட்டால் அதைத் தொடர்ந்து பாருங்கள்.

நாணய மாற்றம் நீக்கிய பிறகும் இரண்டு காலாண்டு தொடர்ந்து அந்த நாட்டு வங்கிகள் வாங்கிய கடன் குறைந்து, கையிருப்பும் கரைந்தால், 90 நாளை 30 நாளாக்குங்கள். அல்லது எல்.சி., அதாவது வாங்குபவரின் வங்கி பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும் உறுதிக் கடிதம், கேளுங்கள். அந்த எல்.சி.யை அந்த நாட்டுக்கு வெளியே உள்ள ஒரு வங்கி உறுதிசெய்து தரவேண்டும். உள்ளூர் வங்கியின் கையெழுத்து மட்டும் போதாது, ஏனென்றால் டாலர் கிடைக்காமல் தவிக்கப்போவது அந்த வங்கியேதான்.