மறதி நோயும் ஓயாத சொறிதலும்: தாதி அக்கா பதில்கள்

மறதி நோய் உள்ள பெற்றோரை வீட்டில் வைத்துப் பார்க்கும் பினாங்கு வாசகர்கள் கேட்டவை. பதில் சொல்பவர், முதியோர் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாதி.

அம்மா ராத்திரி முழுக்க சொறியறாங்க. வேணாம்னு சொன்னா கோபம் வருது. (ஆயர் ஈத்தாம்)

சொல்றத விட்டுடுங்க தங்கச்சி. நீங்க சொன்னது மறந்துடும், திட்டு வாங்கின வருத்தம் மட்டும் தங்கும். அப்புறம் கை இன்னும் வேகமா போகும்.

மூளைதான் காரணம்னு முடிவு கட்டறதுக்கு முன்னால விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பைப் பாருங்க. சின்னச் சின்ன பருவா இருந்து, ராத்திரில அரிப்பு கூடி, வீட்ல இன்னொருத்தரும் சொறிஞ்சா அது குடிஸ் பூத்தாவா (ஸ்கேபிஸ்ங்கற தொத்துச் சிரங்கு) இருக்கலாம். அப்படின்னா அரிக்காதவங்க, வேலைக்கார அக்கா உட்பட எல்லாரும் ஒரே நாள்ல மருந்து பூசணும். பெர்மெத்ரின்ங்கற பூச்சு மருந்துன்னா பொதுவா ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் பூசணும். கிருமி செத்த பிறகும் 2–4 வாரம் அரிக்கும். பயந்து தினமும் பூசாதீங்க.

பரு இல்லன்னா கிட்னி, ஈரல், தைராய்டு, இரும்புச்சத்துக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் டாக்டர்கிட்ட காட்டுங்க.

டெட்டால் போட்டுதான் குளிப்பாட்டறோம், அப்பவும் குறையல. (பட்டர்வொர்த்)

அதனாலயே குறையாம இருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணி, மென்மையான சோப்பு போதும். உடம்பை ஒத்தி எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள வாசலின் தடவுங்க. பாதத்துல தடவிட்டு டைல்ஸ்ல நடக்க விடாதீங்க.

அரிப்பு மாத்திரை பைரிட்டன் குடுத்தா அப்பா நல்லா தூங்குவாரே? (ஜெலுத்தோங்)

வேணாம் தம்பி. தூக்கத்தோட குழப்பமும் கூடும், ஒன்னுக்குப் போறது சிரமமாகும், ராத்திரி எழுந்து விழுவார்.

அரிப்பு எதுவும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பா டிவி முன்னால உக்காந்து பொருக்கைப் பிய்ச்சுக்கிட்டே இருக்கார். கையைக் கட்டிடலாமா? (புக்கிட் மெர்தாஜாம்)

கட்டவே கூடாது. கட்டின கை திமிறும், தோல் கிழியும், மனுஷன் மிரளுவார்.

எந்த நேரத்துல, எதுக்கு அப்புறம் பிய்க்கிறார்னு ஒரு வாரம் குறிச்சு வைங்க. பசியா, ஒன்னுக்கு வருதா, சும்மா இருக்காரா? பல பேர்கிட்ட நான் பார்த்தது கடைசிதான். பிய்க்கிற விரலுக்குப் பிய்க்கிற வேலையே குடுங்க: முருங்கைக் கீரை உருவ, பயத்தங்காய் ஒடிக்க. நெத்திலி தலை கிள்ளறதும் நல்ல வேலைதான், ஆனா விரல்ல புண் இருந்தா உப்பு எரியும். வாயில போடறாரான்னு ஒரு கண் இருக்கட்டும்.

விரல் பொருக்கைத் தடவித்தான் தேடும். அதனால வாசலின் வச்சு, ஒட்டாத துணி போட்டு, மேல பேண்டேஜ் சுத்துங்க. பிளாஸ்டரை நேரா தோல்ல ஒட்டினா, உரிக்கும்போது தோலும் வந்துடும். முழுக்கை பருத்திச் சட்டை, குளிச்சதும் நகம் வெட்டி அரத்தால தேய்ச்சு விடறது. இதெல்லாம் செஞ்சும் நிக்கலன்னா மாத்திரை பத்தி டாக்டர் முடிவு செய்யட்டும்.

பூச்சி ஊருதுன்னு சொல்றாங்க அக்கா. (ஜார்ஜ்டவுன்)

இல்லன்னு வாதாடாதீங்க. ஈரத்துணியால துடைச்சு, கிரீம் தடவி விடுங்க. இல்லாத ஆளையோ மிருகத்தையோ பார்க்கறாங்கன்னா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. லூயி பாடி வகை மறதி நோயா இருந்தா, மனநோய்க்குக் குடுக்கற சில மாத்திரைகள் ரொம்ப ஆபத்து.

எப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்? (பிறை)

சிவப்பு பரவினா, தொட்டா சுட்டா, சீழோ காய்ச்சலோ வந்தா அன்னிக்கே. இனிப்புநீர் உள்ளவங்களுக்குக் கால்ல புண்ணுன்னா இதுக்கெல்லாம்கூட காத்திருக்க வேணாம்.