பூச்சி மாத்திரை போட்டும் வயிறு அடங்கவில்லையே?

கேள்வி: போன வருடம் எனக்கு விடாத வயிற்றுப்போக்கு. மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள், நின்றது. ஆனால் வயிறு உப்புசமும், சாப்பிட்ட கையோடு கழிப்பறைக்கு ஓடுவதும் இன்னும் போகவில்லை. மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கி மூன்று தடவை போட்டுவிட்டேன். கிருமி உள்ளேயே தங்கிவிட்டதா?
- வாசகி, சேலம்

பதில்: சகோதரி, முதலில் பூச்சி மாத்திரையை நிறுத்துங்கள். ஒரே வேளை போடச் சொல்லித் தரும் அல்பெண்டசோல் 400 மி.கி. உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கானது. ஜியார்டியா புழுவே அல்ல. சிறுகுடலின் உள்சுவரில் ஒட்டி வாழும் ஒற்றைச் செல் உயிரி. ஒரு மாத்திரைக்கெல்லாம் அது போகாது.

கிருமி இருக்கிறதா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். அது தினமும் ஒரே அளவில் மலத்தில் வெளிவராது. அதனால் ஒரு நாள் மாதிரியில் 'இல்லை' என்று வந்தால் நம்பிவிட வேண்டாம். வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரி கொடுங்கள். கிருமியின் புரதத்தை மலத்தில் தேடும் ஆன்டிஜென் சோதனை செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. இருப்பது உறுதியானால் மருத்துவர் மறுபடி சிகிச்சை தருவார். அப்போது குடிக்கும் தண்ணீரையும், வீட்டில் வேறு யாருக்காவது தொந்தரவு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பவும் தொற்றும்.

சோதனையில் எதுவும் இல்லை என்றே வந்தாலும், உங்கள் கஷ்டம் மனப்பிரமை என்று யாரும் சொல்ல விடாதீர்கள். நார்வேயின் பெர்கன் நகரில் 2004-இல் குடிநீரில் கழிவுநீர் கலந்து ஆயிரக்கணக்கானோருக்கு ஜியார்டியா வந்தது. மூன்று வருடம் கழித்து விசாரித்தபோது, தொற்று உறுதியானவர்களில் சுமார் 46 சதவீதம் பேருக்கு ஐ.பி.எஸ். (வயிற்று வலியும் மலம் கழிப்பதில் மாற்றமும் அடிக்கடி வரும் குடல் கோளாறு) அறிகுறிகள் இருந்தன, தொற்றாதவர்களில் 14 சதவீதம்தான். பத்து வருடம் ஆன பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. கிருமி போன பிறகும் குடலின் அசைவும் உணர்திறனும் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம். அதற்குத் தனியாகச் சிகிச்சை இருக்கிறது. பூச்சி மருந்து அதற்கு உதவாது.

அப்புறம், பால். ஜியார்டியா குடல் சுவரைப் பாதிக்கும்போது பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும், சிலருக்கு மாதக்கணக்கில். இரண்டு வாரம் பால், டீ, காபியை விட்டுப் பாருங்கள். தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உப்புசம் குறைந்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

எடை குறைவது, மலத்தில் ரத்தம், காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை - இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். குடல்நோய் நிபுணரிடம் உடனே போங்கள். போன வருடத்து ரிப்போர்ட்டையும், அப்போது சாப்பிட்ட மருந்துச் சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.